தீக்காயத்துக்கு மாவா, எண்ணெயா, கற்றாழையா, களிம்பா? எதை எப்போது எடுப்பது

வடாற்காட்டுப் பக்கம் ஒரு வீட்டில் யாருக்காவது கை சுட்டுவிட்டால் ஆளுக்கு ஒரு மருந்தோடு ஓடி வருவார்கள். ஆயா ஃப்ரிட்ஜிலிருந்து தோசை மாவை எடுப்பார். அத்தை தேங்காய் எண்ணெய் என்பார். காலேஜ் படிக்கிற பையன் பாத்ரூமிலிருந்து பேஸ்ட் ட்யூபைக் கொண்டுவருவான். எதிர்வீட்டுத் தாத்தா, "இங்க் இருந்தா ஊத்துங்கப்பா, கொப்புளமே வராது" என்பார். வாசலில் தொட்டியில் கற்றாழையும் இருக்கும். இத்தனைக்கும் நடுவில் குழாயைத் திறக்கலாம் என்று எவருக்கும் தோன்றாது. தோன்றினாலும் யாராவது தடுத்துவிடுவார்கள்.

இவற்றில் எது மேல் என்று கேட்டால் ஒரே வரியில் பதில் சொல்ல முடியாது. சுட்ட இடத்துக்கு வேளைக்கு ஒரு தேவை. முதல் அரைமணியில் சூடு இறங்க வேண்டும். அடுத்த ஒன்றிரண்டு வாரம் அழுக்குப் படாமலும் காய்ந்து வெடிக்காமலும் இருக்க வேண்டும். ஆறிய பிறகு புதுத்தோல் வறளாமல், கருக்காமல் இருக்க வேண்டும். நம் வீட்டு வைத்தியத்தில் உருப்படியானவை எல்லாம் இரண்டாவது, மூன்றாவது வேளைக்கு உரியவை. அவற்றை முதல் நிமிஷத்தில் அள்ளி அப்புவதில்தான் வினையே இருக்கிறது.

முதல் அரைமணி

அடுப்பை அணைத்த பிறகும் குக்கருக்குள் சோறு வெந்துகொண்டே இருக்குமே, தோலும் அப்படித்தான். கொதிக்கிற ரசம் கையில் பட்டு வழிந்து போய்விட்டாலும், தோலுக்குள் ஏறிய சூடு அடியில் இருக்கிற அடுக்குகளை இன்னும் கொஞ்ச நேரம் வேகவைக்கும். மேலோடு போயிருக்க வேண்டிய காயம் ஆழமாவது அந்த நேரத்தில்தான். அந்தச் சூட்டை இழுத்துக்கொண்டு போகிற வேலையை ஓடுகிற தண்ணீர் அளவுக்கு வேறு எதுவும் செய்யாது. கணக்கு 20 நிமிஷம். உடனே செய்ய முடியாமல் போனாலும் சுட்ட 3 மணி நேரத்துக்குள் செய்தால் பலன் உண்டு. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் 2,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் தீக்காயங்களை வைத்து 2020இல் ஓர் ஆய்வு வந்தது. 3 மணி நேரத்துக்குள் 20 நிமிஷம் தண்ணீர் காட்டிய குழந்தைகளுக்குத் தோல் ஒட்டு அறுவை தேவைப்படும் வாய்ப்பு ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்திருந்தது. காசு கொடுத்து வாங்குகிற எந்தக் களிம்பைப் பற்றியும் இப்படி ஒரு கணக்கை நான் பார்த்ததில்லை.

"இன்னாத்துக்குடி தண்ணிய ஊத்துற, கொப்புளம் போட்டுக்கும்டி!" என்று ஆயா சத்தம் போடுவார். "போட்டா போட்டும் ஆயா, இன்னும் கொஞ்ச நேரம் வுடு" என்று பேத்தி கையை நீட்டிக்கொண்டே நிற்க வேண்டியதுதான். கொப்புளம் வருமா வராதா என்பது சூடு எவ்வளவு ஆழம் போயிற்று என்பதைப் பொறுத்தது. அது எழும்பக் கொஞ்ச நேரம் பிடிக்கும்; அதற்குள் தண்ணீர் ஊற்றியிருப்பார்கள்; பழி தண்ணீர் மேல் விழும்.

வேலூரில் இதற்கு ஒரு சிக்கல் உண்டு. சித்திரை, வைகாசியில் மத்தியானம் மொட்டைமாடி டேங்கிலிருந்து வருகிற தண்ணீரில் அப்படியே குளிக்க முடியாது, அத்தனைச் சூடு. குழாயைத் திறந்ததும் முதலில் வருகிற அந்தச் சூட்டுத் தண்ணீரைக் காயத்தில் காட்டக்கூடாது. மண்பானைத் தண்ணீர் இருந்தால் அதை மொண்டு மொண்டு மெல்ல ஊற்றலாம். இல்லாவிட்டால் ஒரு வாளியில் ஃப்ரிட்ஜ் பாட்டில் தண்ணீரைக் கலந்து, தொட்டால் சில்லென்று மட்டும் இருக்கிற பதத்தில் வைத்துக்கொண்டு, அதையே திரும்பத் திரும்ப ஊற்றலாம். தண்ணீருக்குப் பஞ்சமான தெருவில் 20 நிமிஷம் குழாயைத் திறந்துவிடச் சொன்னால் சிரிப்பார்கள் என்பதும் தெரியும். சன்னமாகத் திறந்து நிமிஷத்துக்கு 2 லிட்டர் போனாலும் மொத்தம் 40 லிட்டர், மூன்று குடத்துக்குள் அடங்கிவிடும். அதற்கும் வழியில்லையென்றால் சுத்தமான துணியை நனைத்துப் போட்டு, அது சூடேறும்போதெல்லாம் மாற்றலாம். ஐஸ் கட்டி மட்டும் வேண்டாம். அது இரத்தக் குழாய்களைச் சுருக்கி, ஏற்கெனவே வெந்த தோலுக்கு இன்னொரு காயத்தைக் கொடுக்கும்.

தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே மோதிரம், வளையல், கயிறு, வாட்ச் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். வீங்கிய பிறகு மோதிரத்தை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். துணி தோலோடு ஒட்டியிருந்தால் பிடித்து இழுக்காமல் சுற்றிலும் வெட்டிவிடலாம். கைக்குழந்தைக்குப் பெரிய இடத்தில் பட்டிருந்தால் காயத்துக்கு மட்டும் தண்ணீர் காட்டி, மற்ற உடம்பைப் போர்த்தி வைக்க வேண்டும். முழு உடம்பையும் நனைத்தால் பிள்ளை விறைத்துப் போகும்.

தோற்றுப்போகிறவை

பேஸ்டில் இருக்கிற மெந்தால் குளிர்ந்தது போன்ற உணர்வைத் தரும், சூட்டை எடுக்காது. எரிச்சல் குறைந்த மாதிரி இருப்பதால் தண்ணீர் காட்ட வேண்டிய நேரமும் போய்விடும். பிறகு காய்ந்து ஒட்டிக்கொண்ட பேஸ்டை ஆஸ்பத்திரியில் சுரண்டி எடுக்கும்போதுதான் உண்மையான வலி தெரியும்.

இங்க் எப்படி வந்தது என்று யோசித்திருக்கிறேன். அந்தக் காலத்தில் டிஸ்பென்சரியில் புண்ணுக்கு ஜென்ஷன் வயலட் என்று ஓர் ஊதா மருந்து போடுவார்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான் பள்ளிக்கூடப் பேனா இங்க்கை நம் ஆட்கள் ஊற்ற ஆரம்பித்தார்கள் என்பது என் ஊகம். இங்க்கில் மருந்து எதுவும் கிடையாது. தோல் சிவந்திருக்கிறதா, வெளுத்திருக்கிறதா என்று நிறத்தைப் பார்த்துத்தான் டாக்டர் ஆழத்தைக் கணிக்கிறார். நீலத்தை ஊற்றிவிட்டால் அவர் எதைப் பார்ப்பார்? மஞ்சள் தூளுக்கும் காபித் தூளுக்கும் இதே கேள்வி உண்டு.

தோசை மாவைப் பற்றிக் கொஞ்சம் நியாயமாகப் பேச வேண்டும். ஃப்ரிட்ஜில் இருந்த மாவு சில்லென்று இருக்கும், அதனால் அந்த நிமிஷத்துக்கு இதமாக இருப்பது நிஜம். ஆனால் இரண்டே நிமிஷத்தில் மாவு உடம்புச் சூட்டுக்கு வந்துவிடும். புளித்த மாவில் புளிக்க வைத்த கிருமிகளும் இருக்கும். தோல் உரிந்த இடத்தில் அது காய்ந்து ஓடு கட்டினால் அடியில் சீழ் பிடிக்கும். முட்டை வெள்ளைக்கருவும் அப்படித்தான். பச்சை முட்டையில் சால்மொனெல்லா கிருமி இருக்கக்கூடும் என்பது கூடுதல் ஆபத்து.

எண்ணெயும் சுண்ணாம்புத் தெளிவும்

தேங்காய் எண்ணெய், நெய் இரண்டும் முதல் அரைமணிக்கு ஆகாது. சூட்டை இறக்காது, வழுவழுவென்று மூடிக்கொள்ளும், மேலே தூசி ஒட்டும். புண் முழுக்க ஆறிப் புதுத்தோல் வந்த பிறகு அதே தேங்காய் எண்ணெய்தான் கையில் கிடைக்கிற நல்ல மருந்து. புதுத்தோலில் எண்ணெய்ச் சுரப்பு குறைவாக இருக்கும், அரிக்கும், இழுக்கும். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை மெல்லத் தடவிவிட்டால் தளர்ந்து கொடுக்கும். கூடவே வேலூர் வெயிலிலிருந்து அந்த இடத்தைச் சில மாதம் துணியால் மறைத்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கருப்பாகத் தங்கிவிடும்.

சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் இறுத்து, தேங்காய் எண்ணெயோடு சேர்த்து வெண்ணெய் போல அடித்துப் பூசுகிற வழக்கம் இன்னும் பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். இது நம்மூருக்கு மட்டும் சொந்தமானதல்ல. ஸ்காட்லாந்தில் கேரன் இரும்பாலைத் தொழிலாளர்களுக்கு ஆளிவிதை எண்ணெயில் இதையே அடித்துப் பூசினார்கள். கேரன் எண்ணெய் என்றே பெயர் வந்தது. கிருமிகளைப் பற்றித் தெரியத் தெரிய அங்கே அது வழக்கொழிந்தது. சுண்ணாம்பு காரமானது, இறுத்து எடுக்கும்போது கொஞ்சம் கலங்கலாக வந்துவிட்டாலே உரிந்த தோலை அரிக்கும். இங்கேயும் விட்டுவிடலாம் என்பதே என் கட்சி.

சித்த மருந்துக் கடையில் மத்தன் தைலம் என்று பச்சை எண்ணெய் கிடைக்கும். ஊமத்தை இலைச் சாறும் தேங்காய் எண்ணெயும் துருசும் (மயில்துத்தம்) சேர்த்துக் காய்ச்சியது. ஆறாத பழம்புண்ணுக்குச் சித்த மருத்துவர்கள் கொடுப்பது அது. ஊமத்தையும் துருசும் விஷத்தன்மை உள்ளவை. பட்டதும் எடுத்து ஊற்றுகிற முதலுதவியாக அதை நினைக்கக்கூடாது.

ஆய்வுக்கூடம் வரை போன சமையலறைச் சரக்கு

கற்றாழை, தேன், வாழையிலை, உருளைக்கிழங்குத் தோல் ஆகிய நான்கையும் மேலே சொன்னவற்றோடு சேர்த்து ஒதுக்க முடியாது. இவற்றை மருத்துவர்களே ஆஸ்பத்திரியில் வைத்துச் சோதித்திருக்கிறார்கள், அதுவும் பெரும்பாலும் நம் நாட்டிலேயே.

மும்பையில் டாக்டர் கேஸ்வானியும் சக மருத்துவர்களும் 1985இல் அவித்த உருளைக்கிழங்குத் தோலைத் தீக்காயத்துக்குக் கட்டுப் போடப் பயன்படுத்தி எழுதினார்கள். வெறும் காஸ் துணி புண்ணோடு ஒட்டிக்கொண்டு, கட்டு மாற்றும்போதெல்லாம் புதிதாக முளைத்த தோலையும் பிய்த்துக்கொண்டு வரும். உருளைத் தோல் ஒட்டாது, ஈரத்தையும் காக்கும். அடுத்து மும்பை சயான் மருத்துவமனையில் வாழையிலையை உருளைத் தோலோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள், 2003இல் வெளியானது. இரண்டும் ஒட்டவில்லை, இரண்டிலும் வலி குறைவு. வாழையிலை பல மடங்கு மலிவு. தீப்பட்டவரை வாழையிலையில் படுக்க வைக்கிற நம் பழக்கத்தில் அர்த்தம் இருக்கிறது என்று இதை வைத்துச் சொல்லலாம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே இலையும் தோலும் ஆட்டோகிளேவ் என்கிற நீராவிக் கருவியில் வைத்துக் கிருமி நீக்கியவை. கொல்லையில் அறுத்த இலையில் மண்ணும் பறவை எச்சமும் இருக்கும். பச்சை உருளைக்கிழங்கைத் துருவி அப்புவதற்கும் அந்த ஆய்வுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

தேனைச் சோலாப்பூரில் டாக்டர் சுப்ரமண்யம் சோதித்தார். 1991இல் அவர் வெளியிட்டதில், ஆழமில்லாத தீக்காயங்களுக்குத் தேன் கட்டு, அன்றைய வழக்கமான சில்வர் சல்ஃபாடயசின் களிம்பைவிட வேகமாக ஆற்றியது. 1996இல் தேனையும் அவித்த உருளைத் தோலையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தார், தேனே ஜெயித்தது. தேனில் தண்ணீர் குறைவு, புளிப்புத் தன்மை உண்டு, கிருமி வளர இடம் கொடுக்காது. நமக்கு ஜவ்வாது மலைத் தேன் பக்கத்திலேயே கிடைக்கிறது. ரோட்டோரத்தில் தேனடையைப் பிழிந்து காட்டி விற்பதெல்லாம் தேன்தானா, வெல்லப் பாகா என்பது விற்பவருக்குத்தான் வெளிச்சம். நல்ல தேனே ஆனாலும், தண்ணீர் காட்டி ஆறவைத்த, உள்ளங்கையைவிடச் சிறிய, கொப்புளம் உடையாத காயத்துக்கு மேல் மெல்லிசாகத் தடவிச் சுத்தமான காஸ் வைத்துக் கட்டுவது வரைதான் வீட்டில் செய்யலாம். ஒரு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு அதுவும் வேண்டாம்.

நான்கில் வீட்டுக்கு மிகவும் ஒத்துவருவது கற்றாழைதான். தோல் சிவந்து எரிகிறது, கொப்புளம் இல்லை அல்லது ஒன்றிரண்டு சிறு கொப்புளம் உடையாமல் இருக்கிறது என்றால், தண்ணீர் காட்டிய பிறகு இதைத் தடவலாம். மடலை அறுத்ததும் அப்படியே தேய்க்கக்கூடாது. அடிப்பக்கம் கீழே இருக்கிற மாதிரி டம்ளரில் நிறுத்தி வைத்தால் மஞ்சள் பால் வடியும். அது தோலில் அரிப்பைக் கிளப்பும். வடிந்த பிறகு முள்ளோரத்தையும் பச்சைத் தோலையும் சீவி, உள்ளே இருக்கிற சோற்றை நன்றாகக் கழுவ வேண்டும். ஏழு தண்ணி கழுவு என்று பெரியவர்கள் சொல்வது இந்தப் பாலுக்காகத்தான். கடையில் விற்கிற பச்சை நிற ஜெல்லில் சாயமும் வாசனையும் போட்டிருப்பார்கள், எரிகிற தோலுக்கு அது ஏற்காது. தோல் உரிந்து ஈரமாக இருக்கிற இடத்தில் வீட்டுக் கற்றாழையையும் வைக்க வேண்டாம்.

மெடிக்கல் ஷாப் களிம்பு

பர்னால் வாங்கி வைக்காத வீடு குறைவு. அந்த மஞ்சள் களிம்பு கிருமிநாசினி. சூட்டை இறக்குகிற வேலை அதனுடையது இல்லை. வெள்ளைக் களிம்பான சில்வர் சல்ஃபாடயசின் ஆழமான காயத்துக்கு டாக்டர் பார்த்துப் போடுவது. மேலோட்டமான காயத்தில் அது ஆறுவதைத் தாமதப்படுத்தும் என்பது இப்போதைய கருத்து. சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் தொடவே கூடாது. கடையில் கேட்டு வாங்குவதானால் பாரஃபின் தடவிய காஸ் கேளுங்கள். வாழையிலை செய்த வேலையைக் கிருமியில்லாமல் செய்வது அதுதான். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் மூடிக்கொள்ளச் சப்பாத்தி சுற்றுகிற மெல்லிய பிளாஸ்டிக் தாளே (கிளிங் ஃபிலிம்) போதும். முதல் சுற்றைக் கிழித்து எறிந்துவிட்டு, அடுத்ததை நீளவாக்கில் காயத்தின் மேல் படிய வைக்க வேண்டும், இறுக்கிச் சுற்றக்கூடாது.

பத்தியம் பற்றி ஒரு வார்த்தை. சுட்ட புண்ணுக்கு முட்டை, மீன், கத்திரிக்காய் எல்லாம் ஆகாது, சீழ் வைக்கும் என்பார்கள். புதுத்தோல் கட்ட உடம்புக்குப் புரதம் அதிகமாக வேண்டும். முட்டையும் பருப்பும் தாராளமாகக் கொடுக்கலாம். இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் விளைகிற ஜில்லாவில் ஒருவரைக் கத்திரிக்காய் தின்னாதே என்று சொல்வது தண்டனையே தவிர வைத்தியம் இல்லை.

எப்போது எதையும் தடவாமல் கிளம்புவது

வலி இல்லை என்பதை நல்ல சேதியாக எடுத்துக்கொள்கிறோம். தீக்காயத்தில் அது கெட்ட சேதி. துடிக்கத் துடிக்க வலித்தால் நரம்பு உயிரோடு இருக்கிறது. வெளுத்து, மெழுகு போலவோ பதப்படுத்திய தோல் போலவோ ஆகி, தொட்டால் தெரியவில்லை என்றால் தோலின் முழு ஆழமும் போய்விட்டது. இந்தப் பாடத்தை உலகத்துக்கே சொன்ன ஊர்களில் வேலூர் ஒன்று. 1946இல் சி.எம்.சி. என்கிற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் தேய்வது நோயால் தானாக அழுகி அல்ல, வலி தெரியாமல் சுட்டுக்கொண்டும் அறுத்துக்கொண்டும் வருகிற காயங்களால் என்று நிரூபித்தார். காட்பாடி பக்கம் கரிகிரியில் 1955இல் தொடங்கிய தொழுநோய் மருத்துவமனையிலும் அந்த வேலை தொடர்ந்தது.

இன்று அதே நிலை சர்க்கரை நோயாளிகளின் பாதத்தில் இருக்கிறது. அக்கினி நட்சத்திரத்தில் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்தரையில் வெறுங்காலோடு பிரகாரம் சுற்றி வந்தவர், சாயங்காலம் வீட்டுக்கு வந்து பார்த்தால் பாதத்தில் கொப்புளம் இருக்கும், சுட்டதே தெரிந்திருக்காது. வெந்நீர் ஒத்தடத்திலும், திரௌபதி அம்மன் கோயில் தீமிதியிலும் இதே கதைதான். சர்க்கரை உள்ளவருக்குக் காலில் எந்தச் சிறு தீக்காயம் பட்டாலும் வீட்டு வைத்தியம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

பைக் சைலன்சரில் கெண்டைக்கால் பட்டதும் இந்தக் கணக்கில்தான் சேரும். பார்க்க ரூபாய் நாணயம் அளவுதான் இருக்கும் என்பதால் இங்க்கோ பேஸ்டோ பூசிவிட்டு மறந்துவிடுகிறோம். சூடேறிய இரும்பு பட்ட இடம் சிறிதாக இருந்தாலும் ஆழம் அதிகம். இரண்டு வாரத்தில் ஆறுகிற வழி தெரியாவிட்டால் காட்டிவிட வேண்டும். மூன்று வாரம் தாண்டி ஆறுகிற புண் தழும்பாகத்தான் ஆறும். கரும்பாலையில் கொதிக்கிற வெல்லப் பாகு பட்டாலும் அப்படியே. பாகு ஒட்டிக்கொண்டு சுட்டுக்கொண்டே இருக்கும்.

அடிபட்டவரின் உள்ளங்கை அளவு, விரல்களையும் சேர்த்து, உடம்பின் ஏறக்குறைய 1 சதவீதம். அதைவிடப் பெரிதாக இருந்தால் கிளம்ப வேண்டும். முகம், கை, பாதம், மூட்டு, மறைவிடம் என்றால் அளவே பார்க்க வேண்டாம். கையையோ காலையோ சுற்றி வளைத்துச் சுட்டிருந்தாலும், மின்சாரம் பட்டிருந்தாலும், புகையை விழுங்கி இருமினாலும், சின்னக் குழந்தையோ வயதானவரோ ஆனாலும் அப்படித்தான். மின்சாரக் காயத்தில் வெளியே ஒரு புள்ளிதான் தெரியும், உள்ளே தசை வெந்திருக்கும், இதயத் துடிப்பையும் பார்க்க வேண்டியிருக்கும். 108-ஐக் கூப்பிட்டால் பக்கத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோவார்கள். வேலூரைச் சுற்றி இருப்பவர்களுக்கு அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் சி.எம்.சி.யும் இருக்கின்றன. சென்னை கீழ்ப்பாக்கம் தீக்காயப் பிரிவுக்கு அனுப்புவதானால் அவர்களே அனுப்புவார்கள்; நாமாகக் கார் பிடித்து இரண்டு மூன்று மணி நேரம் வழியில் வைத்திருக்கக் கூடாது.

இராணிப்பேட்டை, வாணியம்பாடி, ஆம்பூர் தோல் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று. அமிலமோ சுண்ணாம்போ பட்டால் 20 நிமிஷம் போதாது, ஆஸ்பத்திரிக்குப் போகும் வரை நிறுத்தாமல் கழுவ வேண்டும். சுண்ணாம்புத் தூளாக இருந்தால் முதலில் உதறித் தட்டிவிட்டுப் பிறகு தண்ணீர். காரத்துக்கு எலுமிச்சம்பழம், அமிலத்துக்குச் சோடா உப்பு என்று எதிர்ச்சரக்கு போட்டால் இரண்டும் சேர்ந்து மறுபடி சூட்டைக் கிளப்பும். பொங்கலுக்கு வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு நீற்றும்போது கண்ணில் தெறித்தால் இமையை விரித்துப் பிடித்துக் கழுவிக்கொண்டே போக வேண்டும்.

போகும்போது எப்போது பட்டது, எதனால் பட்டது, எத்தனை நிமிஷம் தண்ணீர் காட்டினோம், மேலே என்ன தடவினோம் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். மாவு தடவினோம் என்று சொல்ல வெட்கப்பட வேண்டாம், அங்கே இருக்கிற நர்ஸ் அதைவிட அதிகம் பார்த்திருப்பார். டிடி ஊசி, அதாவது டெட்டனஸ் தடுப்பூசி, கடைசியாக எப்போது போட்டது என்றும் கேட்பார்கள், யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.